இன்சுலின் ஊசியைத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் சில வாரங்களைக் கடப்பது எப்படி

மருத்துவர் இன்சுலின் எழுதிக் கொடுத்த பிறகு, வாங்கி வந்த பேனா (இன்சுலின் நிரப்பிய, பேனா வடிவ ஊசிக் கருவி) எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் பத்தொன்பது நாட்கள் உறை பிரிக்காமல் கிடந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவேன். இருபதாம் நாள் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 286 என்று மீட்டர் காட்டியபோதுதான் உறையைப் பிரித்தேன். ஊசி உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பத்தொன்பது நாட்கள் எதற்குப் பயந்தோம் என்று பிறகு யோசித்தபோது, ஊசியின் முனையைவிட, "உன் நோய் முற்றிவிட்டது" என்று அது சொல்வதாக நானே எண்ணிக்கொண்டதுதான் கையைத் தடுத்தது என்று புரிந்தது.

இன்சுலினோடு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வலியைப் பற்றியே இருக்கிறது. சர்க்கரை திடீரென இறங்குவது, ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கட்டி விழுவது, மருந்தும் சிரிஞ்சும் பொருந்தாமல் அளவு மாறிப்போவது ஆகிய மூன்றையும் பற்றி யாரும் கேட்பதில்லை. பயப்படத் தேவையில்லாத இடத்திலிருந்து மனத்தை எடுத்து, கவனம் தேவைப்படும் இடத்தில் வைப்பதற்கு உதவும் வகையில் எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்த நேரம் என்பவை உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அவர் சொன்னதை வீட்டில் சரியாகச் செய்வதற்கான வழிகளே இங்கே உள்ளவை.

இன்சுலின் வந்துவிட்டால் கடைசிக் கட்டமா?

கணையத்தில் உள்ள பீட்டா செல்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பு ஆற்றலே அந்தச் செல்களை அழித்துவிடுவதால், அவர்களுக்கு இன்சுலின் முதல் நாளிலிருந்தே உயிர் காக்கும் மருந்து. 1922 சனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசியில் மருந்து போதிய அளவு தூய்மையாக இல்லாததால் ஒவ்வாமை ஏற்பட்டது. பன்னிரண்டு நாட்கள் கழித்துச் சுத்திகரித்த மருந்தைக் கொடுத்தபோது அவனது சர்க்கரை இறங்கியது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் காப்பாற்றுவதைத் தவிர மருத்துவர்களிடம் வேறு வழி இருக்கவில்லை. தாம்சன் அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இரண்டாம் வகையில் நிலைமை மெதுவாக மாறுகிறது. 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று, நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதையும், மாத்திரை சாப்பிட்டு வந்தாலும் அது ஆண்டுதோறும் மேலும் குறைந்து வருவதையும் காட்டியது. ஆகவே பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவருக்கு இன்சுலின் தேவைப்பட்டால், அவர் வாயைக் கட்டவில்லை என்றோ மருத்துவர் தோற்றுவிட்டார் என்றோ பொருள் கொள்ள வேண்டியதில்லை. சுரப்பு குறைந்த அளவுக்கு வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

"என் மாமா இன்சுலின் போட ஆரம்பித்த ஆறே மாதத்தில் காலை எடுத்துவிட்டார்கள்" என்பது போன்ற கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அந்தக் கதையில் எது முன்னால் வந்தது என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், பல ஆண்டுகள் 300க்கு மேல் ஓடிய சர்க்கரை நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்து முடித்த பிறகுதான் இன்சுலின் வந்திருக்கும். கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடுவதற்குக் காரணம் கட்டுப்படாத சர்க்கரையே. 12,500க்கும் மேற்பட்டவர்களை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கிளார்ஜின் என்ற இன்சுலினைப் போட்டவர்களுக்கு மாரடைப்போ புற்றுநோயோ கூடவில்லை என்று தெளிவாகக் காட்டியிருக்கிறது.

ஒரு முறை தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்ற பேச்சும் உண்டு. முதல் வகைக்காரர்கள் ஒருபோதும் நிறுத்தக் கூடாது, அது உண்மை. ஆனால் அறுவை சிகிச்சைக்காகவோ கடுமையான தொற்றுக்காகவோ கருவுற்றிருக்கும் காலத்திற்காகவோ இன்சுலின் போட்டவர்கள் பலர் பிறகு மாத்திரைக்கே திரும்பியிருக்கிறார்கள். நோய் கண்டுபிடித்தபோது சர்க்கரை மிக அதிகமாக இருந்த சிலரும், சில வாரங்கள் இன்சுலின் போட்டுக் கணையத்திற்கு ஓய்வு கொடுத்த பின் அதை விட்டிருக்கிறார்கள். இன்சுலினுக்கு யாரும் அடிமையாவதில்லை. தேவை இருக்கிறவரை தேவை.

மருத்துவர் அறையை விட்டு வருமுன்

ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொண்டு வாருங்கள்: மருந்தின் முழுப் பெயர், எத்தனை யூனிட், எந்த நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில் எவை தொடரும் எவை நிற்கும். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வெளியிலிருந்தும் இன்சுலின் சேரும்போது சர்க்கரை இறங்கும் அபாயம் கூடுவதால், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். முடிந்தால் முதல் ஊசியைச் செவிலியர் முன்னிலையில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர் போட்டுவிட்டுக் காட்டுவதைவிட, உங்கள் கை ஒரு முறை அந்த வேலையைச் செய்துவிடுவதே பயத்தைப் பாதியாக்கும்.

மருந்தின் பெயர் முக்கியமாவதற்குக் காரணம், இன்சுலின் என்பது ஒரே மருந்தின் பெயராக இப்போது இல்லை. லிஸ்புரோ, அஸ்பார்ட் போன்றவை 10 முதல் 20 நிமிடங்களில் வேலையைத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சாப்பாட்டை ஒட்டிப் போடுவதற்கு உரியவை. ரெகுலர் எனப்படும் பழைய வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். கிளார்ஜின், டெக்லுடெக் போன்றவை உச்சம் என்று பெரிதாக இல்லாமல் ஒரு நாளோ அதற்கு மேலோ மெல்ல நிதானமாக வேலை செய்பவை. சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் தினமும் ஒரே நேரத்தில் போடப்படுபவை. வேகமாக வேலை செய்வதையும் நடுத்தர நேரம் வேலை செய்வதையும் கலந்து வருபவை பெரும்பாலும் பால் போல வெண்மையாக இருக்கும். சாப்பாட்டு இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது, வண்டியை மேட்டிலிருந்து இறக்கிவிட்டுப் பிரேக்கில் கால் வைக்காமல் இருப்பதற்குச் சமம்.

இரண்டாம் வகைக்காரர்களுக்கு வழக்கமாக நாளுக்கு ஒரு முறை போடும் நீண்ட நேர இன்சுலினை 10 யூனிட்டில், அல்லது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் என்ற கணக்கில் தொடங்குவார்கள். இது வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படும் அளவு. பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே, மூன்று நாட்களுக்கு ஒரு முறை இரண்டு யூனிட் என்பது போல மெதுவாக ஏற்றுவார்கள். 10 யூனிட் 24 ஆனபோது எனக்கு நோய் இரட்டித்துவிட்டதாகவே நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். செருப்புக்கு அளவு பார்ப்பது போல, உங்கள் உடலுக்குப் பொருந்தும் எண்ணைத் தேடிப் போகும் வழியே அது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

கையில் பேனா

இப்போது கிடைக்கும் மிகக் குட்டையான பேனா ஊசியின் நீளம் 4 மி.மீ. மனிதத் தோலின் தடிமன், ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் பெரிய வேறுபாடின்றி, ஊசி போடும் இடங்களில் சுமார் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கும். தோலைக் கடந்து அதன் அடியில் உள்ள கொழுப்பைத் தொட்டால் போதும் என்பதால் 4 மி.மீ. ஊசியே பெரியவர்கள் அனைவருக்கும் பொருந்தும். உடல் பருமனாக இருப்பவர்கள் நீள ஊசி கேட்க வேண்டியதில்லை. ஊசி நீளமாகித் தசைக்குள் போய்விட்டால் வலியும் கூடும், மருந்தும் கணித்ததைவிட வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரையைத் தடாலென இறக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேனாவின் மேல் உள்ள பெயரை ஒவ்வொரு முறையும் படியுங்கள். காலைப் பேனாவும் இரவுப் பேனாவும் ஒன்றுபோல இருக்கும் வீடுகளில் இந்த ஒரு பழக்கம் பெரிய விபத்துகளைத் தடுக்கும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் அதைப் போடாதீர்கள். பால் நிற மருந்தாக இருந்தால் இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் நுரை கட்டும். புதிய ஊசியை நேராக வைத்துத் திருகுங்கள். அதற்கு வெளிமூடி ஒன்று, உள்மூடி ஒன்று என இரண்டு மூடிகள் இருக்கும். இரண்டையும் கழற்ற வேண்டும். உள்மூடியைக் கழற்றாமலே பொத்தானை அழுத்திவிட்டு, மருந்து போய்விட்டதாக நம்பி வாரக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு.

அடுத்து, பேனாவின் அளவுத் திருகியை இரண்டு யூனிட்டுக்குத் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். முனையில் ஒரு துளி எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மறுபடி செய்யுங்கள். மருந்து வீணாகிறதே என்று இதைத் தவிர்த்தால், உள்ளே இருக்கும் காற்று உங்கள் அளவில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். காற்றுக் குமிழி தோலுக்கடியில் போனால் உயிருக்கு ஆபத்து என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி எதுவும் நேராது, அளவுதான் குறையும்.

இப்போது உங்கள் அளவைத் திருப்பி, எண்ணைப் பேனாவின் சிறு சன்னலில் சரிபார்த்து, ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக நேரே செலுத்துங்கள். 4 மி.மீ. ஊசிக்குப் பெரும்பாலான பெரியவர்கள் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மிக ஒல்லியானவர்களும் குழந்தைகளும், அதைவிட நீளமான ஊசி வைத்திருப்பவர்களும் இரு விரல்களால் மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பொத்தானை 0 வரும்வரை மெதுவாக அழுத்திவிட்டு, விரலை எடுக்காமல் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். என் முதல் வாரத்தில் நான் விட்ட தவறு இதுதான். அழுத்திய உடனே ஊசியை உருவிவிடுவேன். தோலில் ஒரு துளி பளபளவென்று நிற்கும், சட்டையில் நாணயம் அளவுக்கு ஈரம் படும். அந்த ஈரம் எனக்குள் போயிருக்க வேண்டிய மருந்து என்பது, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று செவிலியர் என்னைத் தம் எதிரிலேயே போட்டுக்காட்டச் சொன்ன நாளில்தான் தெரிந்தது.

ஊசியை எடுத்த இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும். கழற்றிய ஊசி, துளை விழாத கெட்டியான, மூடியுள்ள டப்பாவுக்குள் போகட்டும். நிறைந்ததும் அதை எங்கே ஒப்படைப்பது என்பதை மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். குப்பையை எடுக்க வருகிறவரின் கை உங்கள் ஊசியால் குத்தப்படக் கூடாது. உங்கள் பேனாவை, புது ஊசி மாட்டியே என்றாலும், வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. இரத்தத்தின் நுண்ணிய அளவு பேனாவின் குழலுக்குள்ளேயே திரும்பிப் போய் நோய்த்தொற்றைக் கடத்த முடியும்.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறவர்களுக்கு

இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சில நாடுகளில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள யு-40 குப்பியும், 100 யூனிட் உள்ள யு-100 குப்பியும் ஒரே கடையில் கிடைக்கும். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரு வகை. பெரும்பாலும் யு-40க்குச் சிவப்பு மூடியும் யு-100க்கு ஆரஞ்சு மூடியும் இருக்கும். யு-40 சிரிஞ்சில் யு-100 மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் நீங்கள் போடுவது 25 யூனிட். அது உயிருக்கே ஆபத்து. தலைகீழாக, யு-100 சிரிஞ்சில் யு-40 மருந்தை 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாலும் தவறின் விலையைக் கொடுப்பவர் நீங்கள் என்பதால், குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். பேனாவின் குழலிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுப்பதும் கூடாது, ஒரு மி.லி.க்கு 200, 300 யூனிட் உள்ள பேனாக்களும் இருக்கின்றன.

வலிக்காத இடமே ஏமாற்றும் இடம்

வயிறு, தொடையின் வெளிப்பக்கம், பிட்டத்தின் மேற்பகுதி, மேற்கையின் பின்புறம் ஆகியவை ஊசி போடும் இடங்கள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். வயிற்றிலிருந்து மருந்து வேகமாகவும், தொடை, பிட்டங்களிலிருந்து மெதுவாகவும் இரத்தத்தில் சேரும் என்பது குறிப்பாகப் பழைய வகை இன்சுலின்களுக்குப் பொருந்தும். எனவே காலை ஊசிக்கு ஓர் உறுப்பு, இரவு ஊசிக்கு ஓர் உறுப்பு என்று நிலையாக வைத்துக்கொண்டு, அதற்குள்ளே இடத்தை மாற்றிக்கொண்டே போவது நல்லது.

மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் மாற்றுவதில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால், இன்சுலினின் தூண்டுதலால் அங்கே கொழுப்புத் திசு தடித்து, ரப்பர் போல மெத்தென்று எழும்பும். அந்த இடத்தில் ஊசி வலிப்பதே இல்லை. வலிக்காததால் கை மறுபடி மறுபடி அங்கேயே போகும். எனக்குத் தொப்புளுக்கு வலப்பக்கம் அப்படி ஒன்று எலுமிச்சம்பழத்தின் பாதி அளவுக்கு வளர்ந்திருந்தது. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் தெரியாது, குளிக்கும்போது சோப்புக் கையால் தடவினால்தான் விரலுக்குத் தட்டுப்படும். அதற்குள் போன மருந்து ஒரு நாள் பாதியும் ஒரு நாள் முழுவதுமாகக் கசிந்து, ஒரே அளவு ஊசிக்குச் சர்க்கரை 90க்கும் 260க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது.

வயிற்றை நான்கு கட்டங்களாக மனத்தில் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட புள்ளியிலிருந்து ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே கட்டி இருந்தால், அது கரையும்வரை, மாதக்கணக்கில் ஆனாலும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு மருந்து முழு வீச்சில் வேலை செய்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடும் என்பதால், மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ஊசி என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. சிலருக்கு ஊசியைக் கண்டாலே உண்மையில் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அப்படிப்பட்டவர்கள் படுத்தபடியோ சாய்ந்தபடியோ போட்டுக்கொள்வதும், போடுமுன் கால், கைத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கித் தளர்த்துவதைச் சில முறை செய்வதும் மயக்கத்தைத் தடுக்கும். ஊசி போடும் இடத்தை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு வலி வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம்: குளிர்ந்த மருந்து, ஈரமாக இருக்கும் ஸ்பிரிட், பழைய ஊசி. போடும் பேனாவை வெளியில் வைத்திருங்கள். ஸ்பிரிட் தடவினால் அது முழுதாகக் காயும்வரை பொறுங்கள். தோல் சுத்தமாக இருந்தால் வீட்டில் ஸ்பிரிட்டே தேவையில்லை. ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். முதல் சில நாட்கள் வீட்டில் வேறொருவர் போட்டுவிடலாம். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் நீங்கள் தவித்துப் போகாமல் இருக்க, நீங்களும் பழகிக்கொள்ள வேண்டும்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம்: சர்க்கரை இறங்குதல்

மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் நடந்துவிட்டு, அலுப்பில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன். ஊசியும் மாத்திரையும் மட்டும் வழக்கம்போலப் போயின. இரவு இரண்டரை மணிக்கு விழித்தபோது தலையணை தண்ணீரில் நனைத்தது போல இருந்தது. நெஞ்சு படபடத்தது. மீட்டரின் சிறிய பிளவுக்குள் பட்டையைச் செருக மூன்று முறை முயன்றும் விரல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மனைவிதான் எழுந்து சோதித்தாள். 51. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நடுக்கம் நிற்கவில்லையே என்ற பீதியில் கையில் அகப்பட்டதையெல்லாம் தின்றதால், காலையில் மீட்டர் 310 காட்டியது.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே, அதாவது லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை அடையாளங்கள். உடனே 15 கிராம் அளவுக்கு வேகமாகக் கரையும் சர்க்கரை எடுங்கள்: நான்கு குளுக்கோஸ் மாத்திரைகள், அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்த தண்ணீர், அல்லது 150 மி.லி. பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் அதே அளவை மறுபடி எடுங்கள். உடல் தேறுவதற்கு அந்தப் பதினைந்து நிமிடம் வேண்டும். நான் கொடுக்காதது அதைத்தான். சாக்லேட் போன்றவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அவை இதற்கு உதவா. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், அவர்கள் குளுக்கோஸையே கையில் வைத்திருக்க வேண்டும். எண் சரியான பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் சிறிது உணவு எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து கைவசம் இருந்து, போடத் தெரிந்திருந்தால் அதைக் கொடுக்கலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம். அவர்கள் வியர்வையையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். மது குடித்தால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடும் வேலையை நிறுத்திவைப்பதால், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கக்கூடும். வண்டி ஓட்டுமுன் சோதித்து, 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே புறப்படுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. பல மாதங்கள் 300க்கு மேல் ஓடிப் பழகிய உடல், இன்சுலின் வந்து 130க்கு இறங்கும்போது, தாழ்சர்க்கரை வந்தது போலவே நடுங்கும். இன்சுலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான். அறிகுறி வந்ததும் சோதியுங்கள். எண் 70க்கு மேல் பத்திரமாக இருந்தால் சர்க்கரை அள்ளிப் போட வேண்டியதில்லை. சில வாரங்களில் உடல் புதிய அளவுக்குப் பழகிவிடும். சோதிக்க மீட்டர் அருகில் இல்லாவிட்டால் மட்டும், ஐயத்துக்கு இடம் வைக்காமல் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களில் பயமுறுத்தும் மற்றவை

கண் மங்கலாகத் தெரியலாம். சர்க்கரை மாறும்போது கண் வில்லையில் உள்ள நீரின் அளவும் மாறுவதே காரணம். சில வாரங்களில் சரியாகும், அதுவரை புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்காதீர்கள். ஆனால் விழித்திரை பாதிப்பு முன்பே இருந்தால், சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாகக் கூடலாம் என்பதால், கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கணுக்காலில் லேசான வீக்கம் சிலருக்கு வந்து போகும்; மூச்சுத் திணறலோடு வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எடை கூடுகிறதே என்பது நியாயமான கவலை. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. சாப்பிட்டதில் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்தது இன்சுலின் வந்ததும் உடலில் தங்குகிறது. தாழ்சர்க்கரைக்குப் பயந்து அடிக்கடி கொறிப்பதும் எடையைக் கூட்டும். இதற்காக ஊசியைக் குறைத்துப் போடுகிறவர்களை அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எடையைக் கணக்கில் கொண்டு மாற்றக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள், உறைபெட்டியை ஒட்டாமல் வையுங்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின் இளகிய பிறகும் பயன்படாது. போடத் தொடங்கிய பேனாவை 30 டிகிரிக்கு மேற்படாத நிழலான இடத்தில் பொதுவாக 28 நாட்கள் வைக்கலாம். மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு மாறுவதால் உள்ளே இருக்கும் தாளைப் பார்த்து, தொடங்கிய தேதியைப் பேனாவிலேயே எழுதிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். விமானத்தில் போகும்போது கைப்பையிலேயே வைத்திருங்கள்.

போட்டோமா இல்லையா என்று ஐயம் வந்தால் மறுபடி போடாதீர்கள். சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில் இன்சுலினும் வேண்டாம் என்று தோன்றும். நோயின்போது சர்க்கரை ஏறவே செய்யும் என்பதால் அளவை மாற்றலாமே தவிர, முதல் வகைக்காரர்கள் நீண்ட நேர இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) சோதிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், போட்ட யூனிட், போட்ட இடம், காலை வெறும் வயிற்று எண், இறங்கிய நாட்கள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். எண் மோசமான நாளையும் எழுதுங்கள். மருத்துவரைத் திருப்திப்படுத்த நல்ல எண்களை மட்டும் எழுதினால், உங்களுக்குப் பொருந்தாத அளவே உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டோடு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள். செவிலியர் எதிரில் மறுபடி ஒரு முறை போட்டுக்காட்டி, அவர் விரலால் உங்கள் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.